மீன்தொட்டியில் நிறம் மங்குவது ஏன்?

எம்மவர் பலரது இல்லங்களின் வரவேற்பறையில் இன்று கண்ணாடி மீன்தொட்டியொன்றைக் காணலாம். நாய் வளர்க்க வீட்டுச் சொந்தக்காரர் அனுமதிப்பதில்லை; பூனைக்கு அடுக்குமாடியில் இடமில்லை. காலையில் ஒரு வேலை, மாலையில் இன்னொரு வேலை என்று ஓடும் பெற்றோர், பாடசாலை விட்டு வந்து தனித்திருக்கும் பிள்ளைக்குத் துணையாக நாலு மீன்களை வாங்கிக் கொடுக்கின்றனர். கடையிலே செக்கச்செவேலெனச் சுடர்விட்ட மீன் இரண்டாம் வாரத்தில் வெளிறிப் போகின்றது. மூன்றாம் வாரத்தில் மூலையில் ஒதுங்குகின்றது. பின்னர் ஒருநாட் காலை நீரின்மேல் மிதக்கின்றது. பிள்ளை அழுகின்றது. தகப்பனார் மீண்டும் கடைக்குச் சென்று, நிறமூட்டும் உணவு என்று அச்சிடப்பட்ட பொதியொன்றையும் மேலும் நாலு மீன்களையும் வாங்கி வருகின்றார். அவையும் சென்றவற்றின் வழியே செல்கின்றன.

இந்தச் செலவும் அழுகையும் தவிர்க்கக்கூடியவை. மீனின் நிறத்தைப் பொதியில் அடைத்து விற்க இயலாது. நீர், உணவு, ஒளி, அச்சமின்மை ஆகிய நான்கும் செவ்வையாக அமைந்தால் நிறம் தானாக வரும். அவற்றுள் ஒன்று பிழைத்தாலும் முதலில் மங்குவது நிறமே. வாயில்லாச் சீவனாகிய மீன் தன் உடல்நிலையை எமக்கு அறிவிப்பதற்கு வைத்திருக்கும் மொழி அதுவெனலாம். அம்மொழியை வாசிக்கப் பழகுவதற்கு உதவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறம் எங்கிருந்து வருகின்றது?

மீனின் தோலில் நிறத்தைத் தாங்கும் கலங்கள் பலவகை உள. கறுப்பு நிறப்பொருளைக் கொண்டவை ஒருவகை; மஞ்சளையும் சிவப்பையும் கொண்டவை வேறுவகை. இன்னொரு வகைக் கலங்களில் நிறப்பொருளே இல்லை. அவற்றில் குவானின் என்னும் பொருளாலான நுண்ணிய பளிங்குத் தட்டுகள் அடுக்கப்பட்டுள்ளன. அவை ஒளியைத் தெறிக்கச் செய்வதனாலேயே வெள்ளிப் பளபளப்பும் நீலமினுக்கமும் தோன்றுகின்றன. நியோன் ரெற்றா என்னும் சிறு மீனின் உடலில் ஓடும் நீலக்கோடு இவ்வாறு ஒளியினால் ஆவதே.

நிறப்பொருள் கலத்தினுள் பரந்து நின்றால் மீன் அடர்ந்த நிறத்துடன் காணப்படும். நடுவில் ஒடுங்கினால் வெளிறித் தோன்றும். இந்தப் பரம்பலையும் ஒடுக்கத்தையும் நரம்புகளும் ஓமோன்களும் ஆள்கின்றன. ஆகையினாலேயே அச்சமுற்ற மீன் சில கணங்களில் வெளிறுகின்றது. கடையிலிருந்து பொலித்தீன் பையில் வந்திறங்கிய மீன் முதல்நாள் நிறமிழந்து காணப்படுவதும் இதனாலேயே. அதனைக் கண்டு கலங்க வேண்டியதில்லை. இருளில் உறங்கியெழுந்த மீனும் விளக்கேற்றிய முதல் நிமிடங்களில் மங்கலாகவே இருக்கும். ஆனால் ஒரு வாரம் கழிந்த பின்னரும் நண்பகலில் மீன் வெளிறிக் கிடந்தால், தொட்டியில் ஏதோ பிழை என்பதே பொருள்.

எல்லா வெளிறலும் நோயன்று என்பதையும் இங்கு சொல்லிவைத்தல் வேண்டும். இங்கிலாந்தின் யோர்க்ஷயரில் ரிஷ் என்று பெயரிடப்பட்ட தங்கமீனொன்று 43 ஆண்டுகள் வாழ்ந்து 1999இல் இறந்தது. 1956இல் களியாட்ட விழாவொன்றில் பரிசாகக் கிடைத்த மீன் அது. இளமையில் செம்மஞ்சளாக இருந்த அம்மீன் முதுமையில் வெள்ளி நிறமாயிற்று. மனிதருக்குத் தலை நரைப்பதுபோல மீனுக்கும் மூப்பு உண்டு.

முதலாவது காரணம் நீரே

புதிய தொட்டியில் மீன்கள் இறப்பதற்கான முதற்காரணம் நோயன்று, நஞ்சு. மீன் தன் பூக்கள் வழியாகவும் கழிவு வழியாகவும் அமோனியாவை வெளியேற்றுகின்றது. தின்னாது விட்ட உணவும் அழுகி அமோனியாவாகின்றது. ஆற்றிலும் குளத்திலும் வாழும் பற்றீரியாக்கள் இதனை முதலில் நைத்திரைற்றாகவும், பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றிவிடுகின்றன. அமோனியா பூக்களைச் சுட்டுவிடும். நைத்திரைற்று குருதியிலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் காவ இயலாததாக்கிவிடும். நைத்திரேற்று மாத்திரமே ஓரளவு தீங்கு குறைந்தது.

கழுவித் துடைத்துப் புதிதாக நீர் நிரப்பிய தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை வடிகட்டியிலும் கற்களிலும் குடியேறிப் பெருகுவதற்கு நாலு முதல் ஆறு வாரங்கள் செல்லும். சனிக்கிழமை தொட்டி வாங்கி, அன்று மாலையே பத்து மீன்களை விடுவது, கூரை போடாத வீட்டில் குடியேறுவதற்கு ஒப்பானது. தொட்டியை முதலில் அமைத்து, வடிகட்டியை ஓடவிட்டு, தினமும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டு வந்தால் அது அழுகிப் பற்றீரியாக்களுக்கு இரையாகும். நண்பர் ஒருவரது பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சில் ஒரு துண்டு கிடைத்தால் இந்தக் காத்திருப்பு வெகுவாகக் குறையும். அமோனியாவையும் நைத்திரைற்றையும் அளக்கும் சோதனைப் பெட்டிகள் கடைகளில் உண்டு. இரண்டும் பூச்சியமாக நின்ற பின்னரே மீன் வாங்கச் செல்லவேண்டும். அப்போதும் இரண்டு மூன்றாகவே வாங்கவேண்டும்.

அதன் பின்னர் வாரந்தோறும் நீரின் காற்பங்கை மாற்றிவருதல் போதுமானது. முழு நீரையும் கொட்டிவிட்டுத் தொட்டியைத் தேய்த்துக் கழுவுவது எம்மவரிடையே துப்புரவு என்று கருதப்படுகின்றது. உண்மையில் அது பற்றீரியாக் குடிகளைக் கூண்டோடு அழிப்பதாகும். வடிகட்டிப் பஞ்சையும் குழாயின்கீழ்ப் பிடித்துக் கழுவலாகாது. தொட்டியிலிருந்து வெளியே எடுத்த நீரில் மெல்ல அலசி மீண்டும் வைக்கவேண்டும்.

குழாய்நீரில் கிருமிகொல்லியாகக் குளோரீன் சேர்க்கப்படுகின்றது. வாளியில் ஓரிரவு வைத்தால் குளோரீன் பறந்துவிடும் என்று பலர் நம்புகின்றனர். அது உண்மையே. ஆனால் ரொறன்ரோ மாநகரிலும் இலண்டனின் பெரும்பகுதியிலும் சேர்க்கப்படுவது குளோரமைன். அது ஓரிரவில் பறந்துவிடாது. நீரைப் பதப்படுத்தும் திரவத்தைச் சில துளிகள் இடுதலே பாதுகாப்பானது. ஒரு சிறிய போத்தல் பல மாதங்களுக்கு வரும்.

கேத்தல் சொல்லும் செய்தி

எந்த மீனை வாங்குவது என்பதைக் கடைக்காரரிடம் கேட்குமுன் சமையலறைக் கேத்தலின் அடியைப் பார்க்கவேண்டும். வெண்மையான படிவு தடித்திருந்தால் உங்கள் ஊர் நீர் வன்னீர். சுண்ணாம்புக் கல்லின்மேல் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்று நீரைக் கொதிக்க வைத்துப் பழகியோருக்கு இப்படிவு புதியதன்று. இலண்டன், பாரிஸ் ஆகிய நகரங்களின் நீரும் இவ்வகையினதே. கேத்தல் ஆண்டுக்கணக்கில் பளிச்சென்று இருந்தால் அது மென்னீர். கிளாஸ்கோவிலும் நோர்வேயின் பெரும்பகுதியிலும் இருப்பவர்கள் இதனைக் காண்பர்.

கப்பி, மொலி, பிளாற்றி, தங்கமீன் ஆகியன வன்னீரில் செழிப்பவை. நியோன் ரெற்றாவும் அமேசன் ஆற்றுப் பிற மீன்களும் மென்னீருக்குரியவை. வன்னீரில் சீவித்தாலும் அவற்றின் நிறம் முழுமையாக வெளிப்படுவது அரிது. இரசாயனங்களை ஊற்றி நீரை மாற்றுவதிலும், நீருக்கேற்ற மீனைத் தெரிவதே மலிவானது. மீனுக்கும் அதுவே நல்லது.

வெப்பநிலையும் அவ்வாறே. வெப்பவலய மீன்களுக்கு 24 முதல் 26 பாகை செல்சியஸ் வேண்டும். லீற்றர் ஒன்றுக்கு ஒரு வாற்று என்ற கணக்கில் ஹீற்றர் வாங்கினால் சாதாரண வீட்டிற்குப் போதும். தங்கமீனுக்கு ஹீற்றர் வேண்டாம். ஆனால் இடம் மிக வேண்டும். சிறு கண்ணாடிக் கிண்ணம் தங்கமீனுக்குச் சிறைச்சாலை. நன்கு வளர்ந்தால் 20 சென்ரிமீற்றரையும் தாண்டக்கூடிய மீன் அது. தொட்டியை யன்னலோரத்திலோ, அறையைச் சூடாக்கும் ரேடியேற்றருக்கு அருகிலோ வைக்கலாகாது. நீர் மாற்றுமுன் மின்னிணைப்பைக் கழற்ற மறக்கலாகாது.

உணவில் உள்ள சிவப்பு

சிவப்பையும் மஞ்சளையும் தரும் கரோற்றீனொயிட் என்னும் பொருள்களை மீனின் உடல் தானாக ஆக்கமாட்டாது. பாசியிலிருந்தும், பாசியைத் தின்னும் சிறு கூனிகளிலிருந்தும் அவற்றைப் பெறவேண்டும். இறாலைக் கறிச்சட்டியில் இட்டதும் சாம்பல் நிறம் மாறிச் சிவக்கின்றதே, அதற்குக் காரணமான அஸ்தக்சாந்தினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உயிருள்ள இறாலில் அது புரதத்தோடு பிணைந்து மறைந்திருக்கின்றது. சூடேறியதும் பிணைப்பு அவிழ்ந்து சிவப்பு வெளிப்படுகின்றது. நோர்வேயின் கடற்பண்ணைகளில் வளர்க்கப்படும் சமன் மீனின் இறைச்சி செந்நிறமாயிருப்பதற்கும், அதன் தீவனத்தில் அஸ்தக்சாந்தின் சேர்க்கப்படுவதே காரணம்.

ஆகவே நிறமூட்டும் உணவு என்பது முழுப் பொய்யன்று. ஆனால் நல்ல உணவில் இருக்கவேண்டிய பொருளே அதிலும் இருக்கின்றது. உறைந்த ஆர்ட்டீமியா, டப்னியா ஆகிய சிற்றுயிர்களை வாரத்தில் இருமுறை கொடுத்து, மற்றைய நாட்களில் ஸ்பிருலினாப் பாசி கலந்த தட்டையுணவைக் கொடுத்தால் அப்பொதிக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. தங்கமீனுக்கு அவித்துத் தோல் நீக்கிய பட்டாணியும், வெந்நீரில் இட்டெடுத்த கீரையும் நன்று. சோற்றுப் பருக்கையும் பாண்துண்டும் இடுவதை நிறுத்திவிடவேண்டும். அவை மீனின் வயிற்றையும் நீரையும் ஒருங்கே கெடுக்கும்.

இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கக்கூடிய அளவை நாளைக்கு இருமுறை கொடுத்தல் போதும். வாரத்தில் ஒருநாள் விரதம் இருந்தால் மீனுக்குத் தீங்கில்லை. வேலைக்குச் செல்லும் தாய் ஒருமுறையும், தகப்பன் ஒருமுறையும், பிள்ளை இருமுறையுமாக ஒருவருக்கொருவர் தெரியாமல் உணவிடும் வீடுகளிலேதான் மீன்கள் விரைவில் இறக்கின்றன. உணவிடும் பொறுப்பைப் பிள்ளையிடமே ஒப்படைத்து, சுவரில் ஒரு தாளை ஒட்டி அடையாளமிடச் சொல்லுங்கள்.

அச்சமில்லா இடத்தில் அழகு

ஜோன் என்ட்லர் என்னும் உயிரியலாளர் ரினிடாட் தீவின் ஓடைகளில் கப்பி மீன்களை ஆராய்ந்தார். கொன்றுண்ணும் பெருமீன்கள் மிகுந்த நீரில் வாழ்ந்த ஆண் கப்பிகள் மங்கிய நிறத்தின. அத்தகைய பகை குறைந்த மேலோடைகளில் வாழ்ந்தவையோ பல வண்ணப் புள்ளிகள் மிகுந்தவை. 1976இல் அவர் பகை மிகுந்த இடத்திலிருந்து கப்பிகளை எடுத்துப் பகையற்ற ஓடையொன்றில் விட்டார். ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில், பதினைந்து தலைமுறையளவில், அவற்றின் வழித்தோன்றல்கள் நிறம் மிகுந்தனவாயின. இது தலைமுறை தலைமுறையாக நிகழும் மாற்றம். எமது தொட்டியில் ஒரு மீனின் வாழ்நாளில் நிகழ்வதன்று. எனினும் நிறத்திற்கும் பாதுகாப்பிற்கும் உள்ள உறவை இது தெளிவாக்குகின்றது. பளிச்சென்று தெரிவது ஆபத்தான இடத்தில், தெரியாமல் இருப்பதே பிழைக்கும் வழி.

தொட்டியிலும் இதற்கேற்ற ஒழுங்குகளைச் செய்யலாம். வெண்கற்கள் பரப்பிய தொட்டியில் மீன் தன்னை மறைப்பதற்காக வெளிறுகின்றது. கருங்கல்லோ கருமணலோ பரப்பினால் அதே மீன் சில நாட்களில் நிறங்கூடும். பின்புறக் கண்ணாடியில் கரிய தாள் ஒட்டுவதற்குச் செலவு மிகச் சிறிது. ஒளிந்துகொள்ளத் தாவரங்கள் வேண்டும். ஒளிய இடமுள்ள மீனே துணிந்து வெளியில் வரும். கூட்டமாக வாழும் இனங்களை ஆறுக்குக் குறையாமல் வாங்கவேண்டும். விளக்கு நாளொன்றுக்கு எட்டு முதல் பத்து மணித்தியாலம் எரிந்தால் போதும். இரவில் மீனுக்கும் இருள் வேண்டும். கண்ணாடியைத் தட்டிப் பார்க்கும் வழக்கத்தைப் பிள்ளைகள் கைவிடவேண்டும்.

எம்மவர் இல்லங்களுக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. தொட்டியின் காற்றுப் பம்பி அறையிலுள்ள காற்றையே உறிஞ்சி நீருள் செலுத்துகின்றது. சாம்பிராணிப் புகை, சிகரெட் புகை, பூச்சிகொல்லித் தெளிப்பு, தாளிதத்தின் எண்ணெயாவி யாவும் அவ்வழியே நீரிற் கலக்கும். சமையலறைக்கும் வரவேற்பறைக்கும் இடையே கதவில்லாத வீடுகளில் தொட்டியை அடுப்பிலிருந்து இயன்றளவு தள்ளி வைத்தல் வேண்டும்.

ஊசியேற்றிய நிறம்

கடைகளில் சிலவேளை இளஞ்சிவப்பு, பச்சை, ஊதாக் கோடுகளுடன் கண்ணாடிபோல் ஊடு தெரியும் சிறு மீன்களைக் காணலாம். இக்கண்ணாடி மீன் இந்தியா முதலிய தெற்காசிய நாடுகளின் நன்னீரில் வாழ்வது. இயற்கையில் அதற்கு அந்நிறங்கள் இல்லை. ஊசிமூலம் உடலின் பல இடங்களில் சாயம் ஏற்றப்படுகின்றது. வேறு சில இனங்களைச் சாய நீரில் அமிழ்த்துகின்றனர். பல மீன்கள் இதிலேயே மடிகின்றன. பிழைத்தவையும் காயங்களூடாக நோயைப் பெறுகின்றன. சில மாதங்களில் சாயமும் கரைந்துவிடும். இங்கிலாந்தில் மீன்வளர்ப்பு இதழொன்று 1996இல் இதற்கெதிராக இயக்கம் தொடங்கி, சாயமேற்றிய மீன்களை விற்கமாட்டோம் என்று கடைக்காரர்களிடம் உறுதிமொழி பெற்றது. வேறு சிலர் மீன்குஞ்சுகளுக்கு ஆண் ஓமோனை ஊட்டி அகால நிறத்தை வரவழைக்கின்றனர். மருந்து நின்றதும் நிறமும் நின்றுவிடுகின்றது. 2003இன் இறுதியில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஒளிரும் மீன்கள் வேறுவகை. அவற்றின் நிறம் மரபணு மாற்றத்தால் வருவது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அவற்றை விற்க அனுமதியில்லை.

வாங்குவோர் இருக்கும்வரை சாயமேற்றுவோரும் இருப்பர். பிள்ளை விரல்நீட்டிக் கேட்டாலும், அந்நிறம் எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லி மறுப்பதே முறை.

இலங்கையிலிருந்து வந்த சிவப்பு

உண்மையான சிவப்பை விரும்புவோருக்குச் செரி பார்ப் என்னும் மீனைப் பரிந்துரைக்கலாம். இது இலங்கைக்கே உரிய இனம். தென்மேற்கு ஈரவலயத்தில், மரநிழல் கவிந்த சிற்றோடைகளில் வாழ்வது. பின்னாளில் கொழும்பு நூதனசாலையின் பணிப்பாளராயிருந்த பி. ஈ. பி. தெரணியகல 1929இல் இதனை விஞ்ஞான உலகிற்கு அறிமுகப்படுத்தினார். வடக்கிலும் கிழக்கிலும் பிறந்த எம்மவருள் பலர் இதனை ஊரிற் கண்டிருக்கமாட்டார்கள். ஐரோப்பியக் கடையொன்றிலேயே முதன்முறை காண்பர். கடைகளில் உள்ளவற்றுட் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவையாதலால், அவையும் அவ்வோடையைக் கண்டதில்லை.

ஐந்து சென்ரிமீற்றர் அளவே வளரும் சாதுவான மீன் இது. 60 லீற்றர் தொட்டியில் இரண்டு ஆண்களும் நாலைந்து பெண்களும் இருக்கலாம். பெண் மீன் பழுப்பு நிறத்தது. அதனை நோயென்று எண்ணலாகாது. ஆண் மீன் மற்றோர் ஆணைக் கண்டதும், முட்டையிடும் பருவத்திலும், செரிப் பழம்போலச் சிவக்கும். வெளிச்சம் மிகுந்த வெறுந்தொட்டியில் அது வெளிறி ஒளிந்திருக்கும். மேலே தாவரம் மிதந்து நிழல் தந்தால் நிறம் காட்டும்.

நோயின் அறிகுறிகள்

செட்டைகளை உடலோடு ஒட்டி வைத்திருத்தல், மேற்பரப்பில் வாய்திறந்து மூச்செடுத்தல், கற்களில் உடலை உராய்தல், உணவை மறுத்தல் ஆகியன கண்டால் மருந்துப் போத்தலைத் தேடுமுன் நீரைச் சோதித்து, காற்பங்கு முதல் அரைப்பங்கு வரை மாற்றவேண்டும். உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். உடலில் ஒட்டியிருக்கும்போது ஒட்டுண்ணியை மருந்து தாக்காது. நீரில் நீந்தும் பருவத்திலேயே கொல்லும். ஆதலால் புள்ளி மறைந்ததும் நிறுத்தாது, குறிப்பிட்ட நாள்வரை மருந்தைத் தொடரவேண்டும். அக்காலத்தில் வடிகட்டியிலுள்ள கரியை எடுத்துவிடவேண்டும்; அது மருந்தை உறிஞ்சிவிடும். புதிய மீனை இரண்டு மூன்று வாரங்கள் வேறு தொட்டியில் வைத்திருந்து சேர்த்தால் இத்துன்பத்தின் பெரும்பகுதி நேராது.

இடம் மாறும்போது

அகதி விண்ணப்பத்திற்கு முடிவு வராத நிலையில், எந்நேரமும் வேறு நகருக்கு அனுப்பப்படக்கூடிய குடும்பங்கள் பெரிய தொட்டியை அமைக்காதிருப்பது நன்று. 60 லீற்றர் தொட்டி நீரோடும் கல்லோடும் 80 கிலோகிராமை எட்டும். வீடு மாற நேர்ந்தால் மீன்களைப் பழைய நீரிலேயே மூடிய வாளியில் கொண்டுசெல்லுங்கள். முதல்நாள் உணவிட வேண்டாம். வடிகட்டிப் பஞ்சை உலரவிடாது தொட்டி நீரில் நனைத்து எடுத்துச் செல்லுங்கள். பஞ்சு உயிரோடு சென்றால் புதிய வீட்டில் தொட்டி மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. கொண்டுசெல்ல இயலாவிடின் கடைக்காரரிடமோ நண்பரிடமோ ஒப்படையுங்கள். இரக்கத்தினால் ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடலாகாது. குளிரைத் தாங்காதவை மடியும். தங்கமீன்போன்று தாங்குபவை அங்குள்ள உயிர்களின் இடத்தைப் பறிக்கும். பல நாடுகளில் அது குற்றமுமாகும்.

இவ்வார இறுதியில் மீன் வாங்கச் செல்லவிருப்போர் மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை காணட்டும்: எமது நீர் வன்னீரா, மென்னீரா? தொட்டி ஆறு வாரம் ஓடிவிட்டதா? வாங்கப்போகும் மீனின் நிறம் அதனுடையதேயா? மூன்றுக்கும் விடை தெரிந்தபின் பிள்ளையையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். கடையில் மிகப் பளிச்சென்ற மீனையன்றி, மிகச் சுறுசுறுப்பான மீனைத் தெரிவுசெய்யச் சொல்லிக் கொடுங்கள். நிறம் பின்னர் வரும்.